டவுன் சிண்ட்ரோம்: அடுத்த குழந்தைக்கும் வருமா? – கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 27 வயதுதான். இரண்டு பக்கக் குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. எங்கள் குழந்தைக்கு மட்டும் ஏன் டவுன் சிண்ட்ரோம்? கர்ப்பத்தில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

இல்லை அம்மா. நீங்கள் சாப்பிட்டதாலோ, அலைந்ததாலோ, கவலைப்பட்டதாலோ இது வரவில்லை. கருமுட்டை உருவாகும்போது 46 குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) 23 ஆகப் பிரிய வேண்டும். 21ஆம் ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விட்டால், விந்தணுவில் வரும் ஒன்றும் சேர்ந்து மூன்றாகிவிடும். சுமார் 95 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம். விந்தணுவிலும் இப்படி நடக்கலாம், ஆனால் குறைவு.

முட்டையில் அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளது முட்டைகள் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் மீதி வேலை தொடர்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில், ஜோடியைப் பிடித்து வைத்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் தளர்ந்துவிடுகிறது. அதனால்தான் தாயின் 25 வயதில் ஏறக்குறைய 1,250 பிரசவத்துக்கு ஒன்றாக இருப்பது, 35இல் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று என ஏறுகிறது. உங்கள் வயதில் வாய்ப்பு குறைவுதான், இல்லவே இல்லை என்பதில்லை.

கேள்வி: முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். அடுத்ததற்கும் வருமா? ஃபிஷ் டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் கையில் இருக்கிறது.

அது போதாது. 21ஆம் குரோமோசோம் மூன்று இருக்கிறது என்று ஃபிஷ் சொல்லும். மூன்றாவது தனியாக நிற்கிறதா, வேறொன்றோடு ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. குழந்தைக்கு கேரியோடைப் எடுங்கள். உயிருள்ள செல்களை மூன்று நாள் வளர்த்து, குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பார்க்கும் பரிசோதனை அது. ரத்தத்தை ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள குழாயில்தான் எடுக்க வேண்டும். உறைந்துபோனாலோ ஃப்ரீசரில் வைத்தாலோ செல் வளராது, மறுபடி ஊசி குத்த வேண்டிவரும்.

ரிப்போர்ட்டில் மொத்தக் குரோமோசோம் எண்ணிக்கை 47 என்று தொடங்கி +21 என்று இருந்தால், மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். தாயின் வயதுக்குரிய வாய்ப்பு அதைவிட அதிகமென்றால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்குப் பரிசோதனை தேவையில்லை.

46 என்று தொடங்கினால் கவனியுங்கள். கூடுதல் 21, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமோடு, ஒட்டியிருக்கும். இதுதான் ராபர்ட்சோனியன் டிரான்ஸ்லொகேஷன், 3 முதல் 4 சதவீதம் பேருக்கு. அப்போது தாய் தந்தை இருவருக்கும் கேரியோடைப் அவசியம். தாயிடம் அந்த ஒட்டு இருந்தால் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தந்தையிடம் என்றால் 1 சதவீதத்தை ஒட்டித்தான். சொல்லவே மனம் வராத ஒரு வகையும் உண்டு: பெற்றோரில் ஒருவரிடம் 21ம் 21ம் ஒட்டியிருந்தால், பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அவர்களுக்குத் தானமுட்டை அல்லது தானவிந்து வழி இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மொசைக் என்று எழுதியிருக்கிறார்கள். லேசானது என்று அர்த்தமா?

சில செல்களில் 47, மற்றவற்றில் 46 என்பது மட்டும்தான் அர்த்தம். ரத்தத்தில் உள்ள சதவீதம் மூளையிலும் இதயத்திலும் அப்படியே இருக்காது. அந்த எண்ணை வைத்துக் குழந்தையை எடைபோடாதீர்கள்.

கேள்வி: 12ஆம் வாரத்தில் என்ஐபிடி (தாயின் ரத்தத்தில் செய்யும் முன்சோதனை) ‘ஹை ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. ஸ்கேன் நார்மல். முடிவெடுக்கலாமா?

வேண்டாம். தாயின் ரத்தத்தில் அவர்கள் தேடுவது நஞ்சுக்கொடியிலிருந்து (பிளசென்டா) வந்த டிஎன்ஏவை. நஞ்சுக்கொடியில் மட்டும் 21ஆம் குரோமோசோம் மூன்று இருந்து, குழந்தை சரியாக இருப்பதும் உண்டு. இரட்டையில் ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோயிருந்தாலும் தவறாகக் காட்டும். ஸ்கேன் நார்மல் என்பதால் இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. 15 வாரம் முடிந்ததும் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். அதிலும் கேரியோடைப் வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எட்வர்ட்ஸ், படாவ் என்பதெல்லாமும் இதே வகையா?

பிரியாமல் போகும் விதம் ஒன்றுதான். எட்வர்ட்ஸில் 18ஆம் குரோமோசோம் மூன்று, படாவில் 13ஆம் குரோமோசோம் மூன்று. அந்தக் குரோமோசோம்களில் மரபணுக்கள் அதிகம் என்பதால் பாதிப்பு கடுமை. பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. 21இல் மரபணுக்கள் மிகக் குறைவு.

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். நான் இப்போது கர்ப்பம். பயப்பட வேண்டுமா?

அண்ணன் மகனின் கேரியோடைப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 47 என்றால், உங்கள் வயதுக்குரிய வாய்ப்புதான் உங்களுக்கு. 46ம் ஒட்டும் என்றால், அண்ணனுக்கு அந்த ஒட்டு இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இருந்தால், இந்த வாரமே நீங்களும் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.