பெட் மேலேறி நாசிலை இடித்ததா? மதர்போர்டுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஷீல்டு, பெயர்ப்பலகை, கீசெயின் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வங்கிக் கடனில், கதிரால் வெட்டி எழுத்து பொறிக்கும் 80 வாட் சிஓ2 லேசர் மெஷின் வாங்கி 14 மாதம் ஆகிறது. போன மாதம் ஆட்டோஃபோக்கஸ் கொடுத்தபோது பெட் (பொருளை வைக்கும் மேடை) நிற்காமல் மேலே வந்து நாசிலை (கதிர் வெளிவரும் முனை) இடித்துவிட்டது. இரண்டு முறை இப்படி ஆனது, இரண்டு முறையும் கீசெயின் வேலை. பெரிய பலகை வைத்தால் சரியாக நிற்கிறது, ஆனால் இப்போது எழுத்து தடித்து மங்கலாக விழுகிறது. டீலர் அனுப்பிய ஆள் மதர்போர்டும் லென்ஸும் போய்விட்டன, 38,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

ஆட்டோஃபோக்கஸ் என்றதும், செல்போன் கேமரா மாதிரி மெஷின் பொருளைப் பார்த்துத் தானே தெளிவாக்கிக்கொள்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் மெஷினுக்குக் கண்ணே கிடையாது. நாசிலுக்குப் பக்கத்தில் பேனா மாதிரி ஒன்று தொங்குகிறதே, அது வெறும் சுவிட்ச். வீட்டுக் காலிங் பெல் மாதிரிதான். பெட் மேலே வரும், அதன் மேல் இருக்கும் பொருள் பேனாவை முட்டும், பெல் அடிக்கும். உடனே பெட் நின்று, உள்ளே பதிந்து வைத்திருக்கும் எண் எவ்வளவோ அத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கும். கதிர் எங்கே கூர்மையாகக் குவிகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது உங்கள் கீசெயினுக்கு வருவோம். பேனா நாசிலுக்கு நேர் கீழே இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. நாசிலுக்குக் கீழே கீசெயின் துண்டு இருந்தது, பேனாவுக்குக் கீழே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் பெட்டின் ஓட்டைதான் இருந்தது. பேனா ஓட்டைக்குள் இறங்கினால் பெல் எப்படி அடிக்கும்? பெட் ஏறிக்கொண்டே வந்து நாசிலை இடித்தது. பெரிய பலகை வைத்தால் ஒழுங்காக நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போர்டின் மேல் முதல் சந்தேகம் வருவதற்கு என்ன இருக்கிறது?

இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். லேசர் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டை நன்றாகக் கீழே இறக்குங்கள். ஆட்டோஃபோக்கஸ் கொடுத்து, பெட் ஏறும்போதே பேனாவின் நுனியை ஒரு மரஸ்கேலால் கீழிருந்து அழுத்துங்கள். விரல் வேண்டாம். இன்னொரு கை எமர்ஜென்சி பட்டன் மேல் இருக்கட்டும். பெட் நின்று இறங்கினால் சுவிட்ச், ஒயர், போர்டு மூன்றும் நலம். நிற்காவிட்டால் முதலில் பேனா புகைக்கரி ஏறி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். (சன்போர்டு வெட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அது பிவிசி, அதன் புகை இரும்பைத் தின்றுவிடும், உங்கள் நுரையீரலையும் சும்மா விடாது.) அதற்கடுத்த சந்தேகம் நாசில் இருக்கும் தலையோடு சேர்ந்து ஓடும் கேபிள் செயினுக்குள் இருக்கும் ஒயர். ஓயாமல் மடங்கி நிமிர்வதால் உள்ளே அறுந்திருக்கும். உள்ளூர் எலக்ட்ரீஷியனே மாற்றிவிடலாம். பின்பக்கம் லேசர் டியூப் இருக்கும் பகுதியை மட்டும் அவரைத் திறக்க விடாதீர்கள். அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

சரி, மங்கலுக்கு என்ன காரணம்? லென்ஸும் நாசிலும் இருக்கும் குழாயை ஒரு திருகுதான் பிடித்திருக்கிறது. இடித்த வேகத்தில் குழாய் சில மில்லிமீட்டர் மேலே வழுக்கியிருக்கும். பேனா பழைய இடத்தில், லென்ஸ் மட்டும் உயரத்தில். பெட் பழைய கணக்குப்படியே நிற்பதால் கதிர் பொருளுக்கு மேலேயே குவிந்து, பரப்பில் விழும்போது விரிந்துவிடுகிறது. உங்கள் இரண்டு புகாரும் ஒரே கதைதான்.

ஒரு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) துண்டை ஒரு பக்கம் மட்டும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கிச் சாய்வாக வையுங்கள். உயரமான முனையில் நாசில் தட்டாத அளவுக்குப் பெட்டை வைத்து, குறைந்த பவரில் நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். கோடு தடிமனாகத் தொடங்கி, மெலிந்து, மறுபடி தடிக்கும். மிக மெல்லிய இடத்துக்கு மேல் நாசிலைக் கொண்டுவந்து, நாசில் நுனிக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 7 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். லென்ஸில் 50.8 என்று எழுதியிருப்பது வேறு, அது லென்ஸிலிருந்து கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தட்டையான ஒரு பலகையை வைத்து ஆட்டோஃபோக்கஸ் கொடுங்கள். இப்போது இடைவெளி 10 இருக்கும் என்பது என் ஊகம். அதன் மேல் 7 மி.மீ. அக்ரிலிக் கட்டை ஒன்றை வைத்து, திருகைத் தளர்த்தி, குழாயை மெதுவாகக் கட்டை மேல் உட்காரவைத்து முடுக்குங்கள். செட்டிங்ஸில் கையே வைக்க வேண்டாம். குழாய் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள், அடுத்த தடவை நகர்ந்தால் தெரிந்துவிடும். கீசெயின் மாதிரிச் சின்னத் துண்டுகளுக்கு ஆட்டோஃபோக்கஸ் பட்டன் பக்கமே போகாதீர்கள். இதே கட்டையை வைத்துக் கையால் ஏற்றி இறக்கினால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பாதிப் பலகை தெளிவாகவும் பாதி மங்கலாகவும் வருகிறதா? அதற்கு மெஷின் பொறுப்பில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் 3 மி.மீ. எம்டிஎஃப் ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஈரம் இழுத்து வளைந்துவிடும். இரண்டடிப் பலகையில் நடு மேடு 4, 5 மி.மீ. வரை போகும். பேனா தொடுவதோ ஒரே ஒரு இடம். மேட்டில் தொட்டால் ஓரம் மங்கும், ஓரத்தில் தொட்டால் நடு மங்கும். உங்கள் லென்ஸ் பொறுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மேடு கீழே வரும்படி பலகையைப் போட்டு, நாலு மூலையிலும் காந்தம் வைத்து அழுத்துங்கள். அலுமினியத் தேன்கூடாக இருந்தால் காந்தம் ஒட்டாது, எடை வையுங்கள். எடையில் தலை மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷீட்டுகளைப் படுக்கப் போட்டு, மேலே பாரம் ஏற்றி வைப்பதுதான் நிரந்தர வைத்தியம். சந்தேகம் இருந்தால் அதே டிசைனை 8 மி.மீ. அக்ரிலிக்கில் போட்டுப் பாருங்கள். அது வளையாது. அதில் தெளிவாக வந்தால் குற்றவாளி பலகைதான்.

லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வந்த ஆள் அதைக் கழற்றித் துடைத்தாரா? கழற்றியிருந்தால் தலைகீழாக மாட்டியிருக்கலாம். உப்பிய பக்கம் மேலே, தட்டைப் பக்கம் பொருளைப் பார்த்து இருக்க வேண்டும். கீறலோ கரும்புள்ளியோ இல்லாத லென்ஸ் "போகாது". விரிசல் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், துத்தநாக செலினைடு நஞ்சு.

உத்தரவாதம் முடிந்த மறுமாதமே மதர்போர்டு போகிற அதிசயம் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. வங்கி கோட்டேஷனைப் பார்த்துப் பணத்தை நேரே டீலருக்கு அனுப்பிவிடுகிறது. மெஷின் ஓடுமுன்பே "நிறுவப்பட்டது" என்று நம்மிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சீனத்திலிருந்து அரைகுறை ஆங்கிலத்துக்கு வந்த கையேடு ஒன்று கையில் திணிக்கப்படுகிறது. மானியத்துக்கு ஏழு சான்றிதழ் கேட்கிறவர்கள், வாங்குகிறவருக்குத் தமிழில் நாலு பக்கம் கொடுத்தாயா என்று டீலரிடம் ஒரு நாளும் கேட்பதில்லை. சர்வீஸுக்கு வருகிற சிலர் செட்டிங்ஸுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போவதும் உண்டு, அடுத்த முறையும் அவரையே கூப்பிட வேண்டும் அல்லவா! அதனால் யாரையும் மெஷினில் கைவைக்க விடுமுன் செட்டிங்ஸ் பக்கங்கள் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். அந்த ஆள் மறுபடி வந்தால் ஸ்கேல் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் போர்டுதான் என்றால், எந்தப் பாகம், என்ன விலை என்று ஜிஎஸ்டி பில்லோடு எழுதி வாங்குங்கள். கழற்றும் பழைய போர்டு உங்கள் கடையிலேயே இருக்கட்டும்.