ஒரே ஆசனம் இரண்டு பேருக்கு: ஸ்லீப் போட்டுப் பிழையை மறைக்காதீர்கள்

கல்முனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கொழும்பு போகும் இரவு பஸ்களுக்கு ஆசனம் பதிவு செய்ய ஜாவாவில் சின்ன லைப்ரரி ஒன்று எழுதினேன் சேர். உள்ளே ஆசன எண்ணையும் (கீ) பெயரையும் (வேல்யூ) ஜோடியாக வைக்கும் கன்கரன்ட் ஹாஷ்மேப்தான், பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) சேர்ந்து பயன்படுத்தக்கூடியது. முதலில் கன்டெய்ன்ஸ்கீ வைத்து ஆசனம் காலியா என்று பார்த்து, காலி என்றால் புட் செய்கிறேன் (பெயரை எழுதுகிறேன்). லேப்டாப்பில் டெஸ்ட் எல்லாம் பாஸ், சேர்வரில் மட்டும் இடைக்கிடை ஃபெயில். இரண்டு த்ரெட்டுக்கும் நடுவில் த்ரெட் ஸ்லீப் 500 (அரைச் செக்கன் காத்திருப்பு) போட்டதும் சரியாகிவிட்டது. இப்படியே விடலாமா?"

விடவே கூடாது. இடைக்கிடை ஃபெயில் ஆன அந்த டெஸ்ட் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, ஸ்லீப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். அந்த அரைச் செக்கனில் முதல் த்ரெட் வேலையை முடித்துவிடும், இரண்டாவது அதற்குப் பிறகுதான் தொடங்கும், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஆனால் பெருநாள் லீவு முடிந்து எல்லோரும் கொழும்புக்குத் திரும்பும் ஞாயிறு இரவில் உங்கள் சேர்வரில் யாரும் அரைச் செக்கன் பொறுத்திருக்கப் போவதில்லை.

பிழை எங்கே என்றால், கன்டெய்ன்ஸ்கீயும் புட்டும் தனித்தனியே பாதுகாப்பானவைதான், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் பாதுகாப்பு இல்லை. மட்டக்களப்பில் ஒருவர் 14ஆம் ஆசனம் காலியா என்று பார்க்கிறார், காலி. அதே நேரம் கல்முனையில் இன்னொருவர் பார்க்கிறார், அவருக்கும் காலி. இருவரும் புட் செய்கிறார்கள், பிந்தியவர் முந்தியவரின் பெயரை அழித்துவிடுகிறார், ஆனால் டிக்கெட் இருவர் கையிலும் இருக்கிறது. இரண்டு வரியையும் எடுத்துவிட்டு பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே படியாகச் செய்யும் புட்இஃப்ஆப்ஸன்ட் ஒன்றை மட்டும் போடுங்கள். நல் (null, 'ஒன்றுமில்லை') திரும்பி வந்தால் ஆசனம் உங்களுக்கு, வேறு ஏதாவது வந்தால் அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். அந்தத் திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காமல் விட்டால் திருத்தியும் பலனில்லை.

சரி, இனி டெஸ்ட். த்ரெட் பக்கம் போகுமுன் ஒற்றை த்ரெட்டில் உங்கள் கலெக்ஷன் ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருக்கும்போது, ஒன்று மட்டும் இருக்கும்போது, ஒரே ஹாஷ்கோட் (கீயின் இடத்தைத் தீர்மானிக்கும் எண்) உள்ள இரண்டு கீ வரும்போது, நல் கொடுக்கும்போது (ஹாஷ்மேப் நல்லை ஏற்கும், கன்கரன்ட் ஹாஷ்மேப் கீயிலும் வேல்யூவிலும் ஏற்காமல் எக்செப்ஷன் எறியும்). உங்கள் கிளாஸ் மேப் இன்டர்ஃபேஸையே இம்ப்ளிமென்ட் செய்கிறது என்றால் இதையெல்லாம் கையால் எழுத வேண்டாம். கூகிளின் ஜாவா லைப்ரரியான குவாவாவோடு வரும் டெஸ்ட்லிப்பிடம் உங்கள் மேப்பை எப்படி உருவாக்குவது, அது எதை அனுமதிக்கும் என்று மட்டும் சொன்னால் டெஸ்ட்களை அதுவே உருவாக்கித் தரும். என்ட்ரிசெட்டில் (மேப்பின் ஜோடிகளைக் காட்டும் தொகுப்பில்) ஒன்றை நீக்கினால் மேப்பிலும் அது போகிறதா என்பது மாதிரி நமக்கு நினைவுக்கே வராதவைகூட அதில் இருக்கும்.

அப்புறம் த்ரெட் டெஸ்ட். எந்த வரிசையில் ஓடினாலும் எது மாறக்கூடாது என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் அது ஒரு வரி: ஒரு ஆசனத்துக்கு எட்டுப் பேர் போட்டியிட்டால் ஒருவருக்கு மட்டுமே 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும், மேப்பில் இருக்கும் பெயரும் அவருடையதாகவே இருக்க வேண்டும். எட்டு த்ரெட்டையும் ஒரு சைக்ளிக்பேரியரில் (எல்லோரும் வந்து சேரும்வரை நிறுத்திவைக்கும் தடுப்பில்) நிறுத்தி ஒன்றாக அவிழ்த்துவிடுங்கள். லேப்டாப்பில் பாஸ் ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: வேலை மிகச் சிறியது, இரண்டாவது த்ரெட் எழும்புமுன் முதலாவது முடித்துவிடும். த்ரெட்களை ஓட்டும் எக்ஸிகியூட்டரில் எட்டு த்ரெட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், நான்குதான் என்றால் பேரியர் மற்ற நான்கு பேருக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஆசன எண் கொடுத்து ஆயிரக்கணக்கில் சுற்றுங்கள்.

பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. த்ரெட்டுக்குள் அசர்ட் (முடிவு சரியா என்று பார்க்கும் வரி) எழுதினால் அது ஃபெயில் ஆனாலும் டெஸ்ட்டை ஓட்டும் ஜேயூனிட்டுக்குத் தெரியாது, அந்த த்ரெட் மட்டும் செத்துப்போகும், டெஸ்ட் பச்சையாகவே (பாஸ் என்றே) இருக்கும். அதனால் முடிவை ஃப்யூச்சராக (பிறகு வரப்போகும் பதிலாக) வாங்கி, வெளியே அதை 'கெட்' செய்து, வெளியிலேயே அசர்ட் செய்யுங்கள். அந்த 'கெட்'டுக்கு 10 செக்கன் மாதிரி ஒரு டைம்அவுட்டும் கொடுங்கள், டெட்லாக் (த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) வந்தால் அதில் அகப்படும். பிழை தேடுகிறேன் என்று உள்ளே பிரின்ட்எல்என் (திரையில் எழுதும் வரி) போடவும் வேண்டாம், அது லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) எடுப்பதால் த்ரெட்கள் ஓடும் வேகமே மாறி, தேடிய பிழை ஒளிந்துகொள்ளும்.

'மிச்சம் எத்தனை ஆசனம்' என்பதற்கு மேப்பின் சைஸைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது கன்கரன்ட் ஹாஷ்மேப்பின் சைஸ் ஒரு மதிப்பீடு மட்டுமே. எல்லா த்ரெட்டும் முடிந்த பிறகுதான் அதை அசர்ட் செய்யலாம்.

ஆயிரம் சுற்று பாஸ் ஆனாலும் அது நிரூபணம் ஆகாது. மூன்று மூன்று படி உள்ள இரண்டு த்ரெட்கள் 20 விதமாகக் கலந்து ஓடலாம், பத்துப் பத்துப் படி என்றால் 1,84,756 விதம். இதற்குத்தான் லின்செக் என்ற டெஸ்ட் கருவி இருக்கிறது, ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பதிவு, ரத்து, தேடல் என்று உங்கள் செயல்களை மட்டும் கொடுங்கள், அதுவே அவற்றைக் கலந்து ஓட்டி, வந்த பதில்கள் ஏதாவது ஒரு நேர்வரிசையில் சாத்தியமா என்று சரிபார்க்கும். மாடல் செக்கிங் முறையில் (த்ரெட் மாறும் இடங்களைத் தானே கட்டுப்படுத்தி) ஓட்டினால் எந்த வரியில் த்ரெட் மாறியபோது பிழை வந்தது என்பதையும் காட்டும். வொலட்டைல் (ஒரு த்ரெட் எழுதியதை மற்றவை பார்க்கச் செய்யும் ஜாவா சொல்), லாக் இல்லாத கோட் என்று நீங்களே இறங்கியிருந்தால்தான் ஓப்பன்ஜேடிகேயின் ஜேசிஸ்ட்ரெஸ் என்ற டெஸ்ட் கருவி தேவைப்படும். அதை ஏஆர்எம் கணினியிலும் ஓட்டுங்கள், ஏனென்றால் இன்டெல் சிப்பில் தெரியாத சில வரிசை மாற்றங்கள் அங்கே தெரியும்.

புது டெஸ்ட்டை எழுதியதும் திருத்திய கோடில் ஓட்டுமுன் பழைய கன்டெய்ன்ஸ்கீ கோடில் ஓட்டிப் பாருங்கள். சிவப்பு (ஃபெயில்) வர வேண்டும். வராவிட்டால் த்ரெட்கள் இன்னும் மோதவில்லை, சுற்றைக் கூட்டுங்கள். சிவப்பு வந்த பிறகு ரத்து செய்யும் பகுதியையும் இதே கண்ணால் பாருங்கள். மேப்பிலிருந்து நீக்கும் ரிமூவுக்கு ஆசன எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், ஒருவர் ரத்துப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தும்போது, நடுவில் அதே ஆசனத்தை எடுத்த இன்னொருவரின் பதிவும் சேர்ந்தே போய்விடும். எண்ணோடு பெயரையும் கேட்கும் ரிமூவ் ஒன்று அதே கிளாஸில் இருக்கிறது, அதைப் போடுங்கள்.