வாசகர் கேள்வி-பதில்: ஒரே பையனுக்கு மூன்று ரேட்டிங்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் மாலையில் கைப்பேசியில் செஸ் ஆடுகிறான். லிசெஸ் தளத்தில் அவனுடைய ரேபிட் (விரைவு ஆட்ட) ரேட்டிங், அதாவது ஆட்டத்திறன் எண், 1720, செஸ்.காம் தளத்தில் 1310; உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் 1487. அவனோடு டியூஷன் படிக்கும் பையனுக்குச் செஸ்.காமில் 1450. “நான் 1720, நீ வெறும் 1450” என்று இவன் சொல்ல, “உன் ஆப்புல எல்லாருக்கும் சும்மா போடுறாங்கடா” என்று அவன் சொல்ல, ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. மூன்றில் எது உண்மையான ரேட்டிங்? ஒன்றை இன்னொன்றாக மாற்றச் சூத்திரம் ஏதும் உண்டா?
— ஒரு தந்தை, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மூன்றுமே உண்மைதான்; ஆனால் மூன்றும் வெவ்வேறு கூட்டத்துக்குள் உங்கள் மகன் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன. ஏற்காட்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் என்கிறோம். சேலம் நகரமே கடல்மட்டத்துக்கு மேல் 270 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருப்பதால், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் அளந்தால் அதே மலை 1,200 சொச்சம்தான். மலை அப்படியே இருக்க, அளக்கத் தொடங்கிய தரை மாறிவிட்டது. மலைக்காவது எல்லோரும் ஒப்புக்கொண்ட கடல்மட்டம் இருக்கிறது. செஸ் ரேட்டிங்குக்கு அப்படி ஒன்று கிடையாது.

இந்தக் கணக்கை வகுத்த ஆர்பாட் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். அவருடைய முறையை 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970இல் ஃபிடேயும் ஏற்றுக்கொண்டன. அந்த முறையில் ஒருவருடைய எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. இருவருடைய எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்துக்கே பொருள் உண்டு. டிராவுக்கு அரைப் புள்ளி என்று கொண்டால், எதிராளியைவிட 200 கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளியும், 400 கூடுதலாக உள்ளவர் ஏறத்தாழ 91 புள்ளியும் எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. அந்த இருவர் 1400, 1200 என்று இருந்தாலும் 2400, 2200 என்று இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு தளத்தை நடத்துபவர் ஓர் இரவில் அங்குள்ள அனைவருக்கும் 500 புள்ளியைக் கூட்டிவிட்டாலும், மறுநாள் காலையில் யாருடைய வெற்றிவாய்ப்பும் இம்மியளவும் மாறியிருக்காது.

இந்த இரண்டு தளங்களிலும் அப்படித் தரையே வேறு வேறாக அமைந்திருக்கிறது. லிசெஸில் புதிதாகச் சேரும் எவரும் 1500இல் தொடங்குகிறார். செஸ்.காமில் சேரும்போதே உங்கள் ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பார்கள். முற்றிலும் புதியவர் என்று சொன்னால் 400 போன்ற தாழ்ந்த எண்ணிலிருந்தும், ஓரளவு ஆடுவேன் என்றால் அதைவிட உயர்ந்த எண்ணிலிருந்தும் தொடங்க வேண்டும். இரண்டுமே மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறைகளைப் பின்பற்றுகின்றன: செஸ்.காம் கிளிக்கோ, லிசெஸ் அதன் பிந்தைய வடிவமான கிளிக்கோ-2. எண்ணோடு கூடவே அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் இம்முறைகள் கணக்கில் வைத்திருக்கின்றன. புதியவர், பல மாதம் ஆடாதிருந்தவர் ஆகியோரின் எண் ஒரே ஆட்டத்தில் தாவுவதற்கு அதுவே காரணம். ஃபிடே இன்னமும் எலோ முறையில்தான் இருக்கிறது. ஆகவே அந்த டியூஷன் பையன் சொன்னதில் பாதி சரி: லிசெஸில் எண் பெரிதாகவே இருக்கும். ஆனால் யாரும் சும்மா போடவில்லை.

இனிச் சூத்திரம். வித்தியாசம் எல்லா மட்டத்திலும் ஒரே அளவாக இருந்தால் கூட்டிக் கழித்து முடித்துவிடலாம். அது அப்படி இல்லை. கற்றுக்கொண்டிருப்பவர்கள் மட்டத்தில் லிசெஸ் எண் செஸ்.காம் எண்ணைவிடச் சில நூறு கூடுதலாக இருப்பதும், மேலே போகப் போக அந்த இடைவெளி சுருங்குவதும் பொதுவாகக் காணப்படுவது. இரண்டு தளத்திலும் கணக்கு வைத்திருப்பவர்களின் எண்களைத் திரட்டி வெளியிடப்படும் ஒப்பீட்டு அட்டவணைகள் சராசரியைத்தான் சொல்கின்றன. இரண்டு இடத்திலும் ஆடுகிறவர் பெரும்பாலும் மற்றவரைவிட ஆர்வம் மிகுந்தவர் என்பதால் அந்தச் சராசரியும் சற்றுச் சாய்ந்ததே. அவற்றைத் தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாமே தவிர, பையன்களின் சண்டையைத் தீர்க்கும் பஞ்சாயத்தாக வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது உங்களுக்கு இனிக்காத ஒரு செய்தி. 1720இலிருந்து 1450ஐக் கழிப்பது முழத்திலிருந்து மீட்டரைக் கழிப்பதைப் போன்றது. இருவருக்கும் பொதுவான தரை செஸ்.காம் மட்டுமே, அங்கே உங்கள் மகன் 1310, அவன் 1450. வித்தியாசம் 140 என்றால் பத்து ஆட்டத்தில் ஏறத்தாழ ஏழு புள்ளி அந்தப் பையனுக்கு. ஆனால் உங்கள் மகன் செஸ்.காமில் எத்தனை ரேபிட் ஆட்டம் ஆடியிருக்கிறான் என்று முதலில் பாருங்கள். லிசெஸில் பல நூறு ஆட்டமும் இங்கே பத்துப் பன்னிரண்டுமாக இருந்தால், 1310 இன்னும் நிலைகொள்ளாத எண். ஐம்பது அறுபது ஆட்டம் போகட்டும். அதைவிட எளிய வழி, இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்காரவைத்து, ஒரே கடிகாரத்தில் ஆறு ஆட்டம் ஆடச் சொல்வது. ஆறு ஆட்டம் எதையும் நிரூபிக்காது, பேச்சாவது திரும்பும்.

ஃபிடே எண்ணை இந்த வழக்கில் இழுக்காதீர்கள். போட்டியில் எதிராளி வரிசையை அமைக்கவும், ரேட்டிங் பிரிவுப் பரிசுக்கும் அதுதான் செல்லும். அந்த இடங்களில் இணைய எண்ணைக் கேட்கமாட்டார்கள். அதுவும் சிறுவர்களிடம் வேகமாக ஏறி இறங்கும் எண்தான். 18 வயதுக்கு உட்பட்டு 2300க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெருக்கு எண் (ஓர் ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு அசைக்கும் என்பதைத் தீர்மானிப்பது) 40; தனக்குச் சமமானவரை வென்றால் ஒரே ஆட்டத்தில் 20 ஏறும், தோற்றால் 20 இறங்கும். பெரியவர்களில் பலருக்கு அது 20 என்பதால் பத்துதான் அசையும்.

கேள்வி: காப்பித் தோட்ட வேலைக்கு நடுவே எப்போதாவது போட்டிக்குப் போகிறவன் நான். 2023இல் என் ஃபிடே ரேட்டிங் 1150. அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. ஆனால் இப்போது பட்டியலில் 1490 என்று இருக்கிறது. பேரன் கேலி செய்கிறான். இது தவறா?
— வாசகர், ஏற்காடு

பதில்: தவறில்லை ஐயா. 2024 மார்ச் 1 அன்று ஃபிடே, 2000க்குக் கீழே இருந்த அனைவருடைய எண்ணையும் ஒரே முறையில் உயர்த்தியது: 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 விழுக்காட்டைக் கூட்டியது. உங்களுக்குக் குறைவு 850, அதில் 40 விழுக்காடு 340, ஆக 1490. கீழ் மட்டத்தில் எண்கள் உண்மையான திறனைவிடத் தாழ்ந்துபோயிருந்தன என்பதே இதற்குக் காரணம். 1000 ஆக இருந்த அடிவரம்பும் அப்போது 1400 ஆயிற்று. புதிதாக ரேட்டிங் பெறுபவருக்கு, 1800 உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகச் சேர்த்துக் கணக்கிடும் முறையும் வந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எண்கள் உயர்ந்ததோடு இடைவெளிகளும் சுருங்கின. முன்பு 1150க்கும் 1650க்கும் இடையே 500 இருந்தது, இப்போது அவை 1490, 1790, இடைவெளி 300தான். அதனால் அந்தத் தேதிக்கு முன்பு தயாரான எந்த ‘ஃபிடே - இணையம்’ ஒப்பீட்டு அட்டவணையும் 2000க்குக் கீழே இனிச் செல்லாது. பேரன் அத்தகைய பழைய அட்டவணை எதையாவது வைத்துக்கொண்டுதான் கேலி செய்கிறான் என்றால், தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 8 நிமிட ஆட்டம் ஒரு தளத்தில் பிளிட்ஸாகவும் (ரேபிடைவிட வேகமான வகை) இன்னொன்றில் ரேபிடாகவும் பதிவாகிறது. ஏன்?
— கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: வகை பிரிக்கும் கோடு வேறு இடத்தில் இருப்பதால்தான். இரண்டு தளங்களுமே ஆட்டம் 40 நகர்வு போகும் என்று வைத்து, தொடக்க நேரத்தோடு ஒவ்வொரு நகர்வுக்கும் கூடும் விநாடிகளைச் சேர்த்துப் பார்க்கின்றன. அப்படி வரும் நேரம் லிசெஸில் 8 நிமிடத்தைத் தொட்டால் ரேபிட், 25 நிமிடத்தைத் தொட்டால் கிளாசிக்கல். செஸ்.காமில் 10 நிமிடத்திலிருந்துதான் ரேபிட். அதற்கு மேல் அரைமணி ஆட்டமும் அதே பெட்டியில்தான். 5 நிமிடத்தோடு நகர்வுக்கு 5 விநாடி என்றால் 8 நிமிடம் 20 விநாடி. அந்த ஆட்டத்துக்கும் உங்கள் சிக்கலே வரும். ஃபிடே 60 நகர்வு வைத்துக் கணக்கிடுகிறது. 10 நிமிடமும் அதற்குக் குறைவும் அங்கே பிளிட்ஸ். அதாவது இணையத்தில் எல்லோரும் ‘ரேபிட்’ என்று ஆடும் 10 நிமிட ஆட்டம், மரப்பலகைக்கு வந்தால் பிளிட்ஸ். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எண்களை ஒப்பிட வேண்டாம்.

நேரம் குறையக் குறைய எண்ணுக்குள் செஸ் அல்லாத சங்கதிகளும் புகுந்துவிடுகின்றன. ஏற்காட்டுப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பையன் ஒரு நிமிட புல்லட் ஆடிக்கொண்டு வந்தான். ராணியும் ஒரு சிப்பாயும் கூடுதல், வெல்ல வேண்டிய ஆட்டம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சிக்னல் போயிற்று. திரும்பியபோது கடிகாரம் சுழியத்தில் நின்றது. எட்டுப் புள்ளி போச்சு என்றான். அந்த எட்டும் மலைப்பாதையின் கணக்கு.

கேள்வி: இணையத்தில் செஸ் புதிர்களைத் தீர்த்து நான் பெற்ற புதிர் ரேட்டிங் 2300. அப்படியென்றால் நான் ஃபிடே தரும் கேண்டிடேட் மாஸ்டர் பட்டத்தின் தரமா?
— வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இல்லை. அங்கே உங்கள் எதிராளி மனிதரல்லர், ரேட்டிங் தரப்பட்ட புதிர். தவிர, இந்த நிலையில் ஒரு நல்ல நகர்வு ஒளிந்திருக்கிறது என்பது திரையைத் திறந்தவுடனேயே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தின் நடுவே அதை யாரும் காதில் ஓதமாட்டார்கள். உங்கள் ரேபிட் எண்ணையும் எழுதியிருந்தால் மேற்கொண்டு சொல்லியிருப்பேன்.