பிழையான சொப்ட்வெயார் போட்டுட்டீங்களோ? கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி பதில் செய்வம் எண்டு சொன்னனான், தொடங்குவம். அடிபட்ட கொம்பியூட்டர் திருத்திறதும் அதுக்குள்ள இருந்து டேட்டா எடுக்கிறதும்தான் என்ட வேலை, அதனால விண்டோஸ் பற்றிக் கேளுங்கோ. இப்ப இந்த நிமிஷம் உங்கட மெஷினில ஏதோ ஓடுது எண்டு சந்தேகம் இருந்தா முதல்ல வைஃபையை ஓஃப் பண்ணிப்போட்டு, போனில இருந்து எழுதுங்கோ.

அண்ணா, நான் வெள்ளவத்தை, ஏ எல் படிக்கிறன். போட்டோ எடிட் பண்ற சொப்ட்வெயார் ஒண்டின்ட கிராக் (காசு கட்டாமப் பாவிக்க உடைச்ச பதிப்பு), யூடியூப் வீடியோவுக்குக் கீழ இருந்த லிங்க்ல எடுத்தனான். ஸிப்புக்கு பாஸ்வேட் இருந்தது, அன்டிவைரஸை ஓஃப் பண்ணச் சொன்னது, பண்ணினன். ஒண்டும் ஓப்பன் ஆகேல்ல. அடுத்த நாள் என்ட ஃபேஸ்புக்ல இருந்து கிரிப்டோ விளம்பரம் போகுது. பாஸ்வேட் மாத்தியும் நிக்கேல்ல.

தம்பி, நீங்கள் போட்டது தகவல் திருடுற சாதி. கூடுதலா அது நிண்டு வேலை செய்யிறேல்ல, வந்து ஒரு நிமிஷத்துக்குள்ள பிரவுசரில சேவ் பண்ணின பாஸ்வேட் எல்லாத்தையும், குக்கிகளையும் அள்ளி அனுப்பிப்போட்டுப் போயிடும், அதான் உங்களுக்கு ஒண்டும் ஓப்பன் ஆகாத மாதிரித் தெரிஞ்சது. ஸிப்புக்கு பாஸ்வேட் போடுறதும் அன்டிவைரஸ் உள்ள பாக்கக்கூடாது எண்டுதான். குக்கி எண்டது நீங்கள் ஏற்கனவே லொகின் ஆகி இருக்கிறீங்கள் எண்டதுக்கான அத்தாட்சி. அதைக் கொண்டுபோனவனுக்கு பாஸ்வேட்டும் தேவையில்ல, போனுக்கு வாற கோடும் தேவையில்ல.

இப்ப செய்யவேண்டியது: அம்மாவின்ட போனோ, வேற சுத்தமான மெஷினோ எடுங்கோ. அடிபட்ட மெஷினில இருந்து பாஸ்வேட் மாத்தாதீங்கோ, வேற சாமான் ஏதும் உள்ள விட்டுட்டுப் போயிருந்தா புதுசும் அவனுக்குத்தான் போகும். முதல் ஈமெயில், ஏனெண்டா மற்ற எல்லாத்தையும் ரீசெட் பண்ற சாவி அதுதான். பாஸ்வேட் மாத்தின கையோட எல்லா டிவைஸிலயும் இருந்து சைன் அவுட் பண்ணுங்கோ, அப்பதான் களவுபோன குக்கி செத்துப்போகும். பிறகு ஈமெயில் செட்டிங்ஸுக்குள்ள போய் ரிக்கவரி நம்பர் உங்கட நம்பர்தானோ, உங்களுக்குத் தெரியாத அட்ரஸுக்கு மெயில் ஃபோர்வர்ட் ஆகுதோ, புதுசா ஃபில்டர் ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ, இதை ஆக்கள் பாக்கிறேல்ல, பிறகு திரும்பத் திரும்ப அக்கவுண்ட் போகுது எண்டு வருவினம். அதுக்குப் பிறகு ஃபேஸ்புக், வட்ஸ்அப்ல லிங்க்ட் டிவைசஸ், வீட்டில யாராவது அந்த மெஷினில பேங்க் பாத்திருந்தா பேங்க். ரெண்டாவது பூட்டு, அதாவது பாஸ்வேட்டுக்குப் பிறகு போனுக்கு வாற கோட், எல்லாத்துக்கும் போடுங்கோ.

மெஷினுக்கு என்ட முடிவு முழுசா அழிச்சுப் புதுசா விண்டோஸ் போடுறது. போட்டோ, நோட்ஸ், பிடிஎஃப் மட்டும் கொப்பி எடுங்கோ, இன்ஸ்டோலர், ஸிப் ஒண்டும் வேண்டாம். வேற மெஷினில மைக்ரோசொப்டின்ட மீடியா கிரியேஷன் டூலால 8 ஜிபி பென் டிரைவ் ஒண்டைத் தயார்செய்து, இன்ஸ்டோல் பண்ணேக்க பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்கின்ட பிரிவு) எல்லாத்தையும் டிலீட் பண்ணுங்கோ.

விண்டோஸோட வாற அன்டிவைரஸ் டிஃபென்டரால ஸ்கான் பண்ணினன், ஒண்டும் இல்லை எண்டுது. அப்ப சரிதானே?

இல்லை. திருடிப்போட்டு தன்னைத்தானே அழிச்சிட்டுப் போனதை ஸ்கான் எப்பிடிக் காட்டும்? டிஃபென்டர் செட்டிங்ஸ்ல எக்ஸ்க்ளூஷன்ஸ் (ஸ்கான் பண்ணாம விடச் சொன்னதுகள்) எண்ட இடத்தையும் பாருங்கோ, சி டிரைவ் முழுக்க அங்க கிடந்தா அது ஸ்கான் பண்ணவே இல்லை. அதை எடுத்துப்போட்டு ஒஃப்லைன் ஸ்கான் விடுங்கோ, ரீஸ்டார்ட் ஆகி ஒரு 15 நிமிஷம் ஓடும், விண்டோஸ் எழும்ப முதல் பாக்கிறபடியா ஒளிஞ்சிருக்கிறதும் பிடிபடலாம். அதிலயும் ஒண்டும் இல்லாட்டிலும் பாஸ்வேட் மாத்தத்தான் வேணும். வேற மெஷினில இருந்து.

தெஹிவளை. எல்லா ஃபைலுக்கும் பின்னால தெரியாத நாலு எழுத்து வந்திட்டுது, ரீட்மீ ஒண்டில 980 டொலர் கேக்கிறான், 72 மணித்தியாலத்துக்குள்ள எண்டா 490. தங்கச்சியின்ட கலியாண போட்டோ, வீடியோ எல்லாம் உள்ள.

அக்கா, காசு கட்டாதீங்கோ. கட்டினாலும் சாவி வரும் எண்டு ஒரு உறுதியும் இல்லை. நீங்கள் சொல்லுற தொகையைப் பாத்தா இது ஃபைலைப் பூட்டிக் காசு கேக்கிற ஸ்டொப் டேஜாவு (STOP/Djvu) எண்ட குடும்பம், கிராக்கோட வாறதில பேர்போனது. ஒரு ஃபைலையும் அழிக்காதீங்கோ, பூட்டுப்பட்டதை அப்பிடியே வேற டிஸ்க்குக்கு கொப்பி எடுங்கோ. அந்த ரீட்மீயில உங்களுக்கெண்டு ஒரு ஐடி இருக்கும். அதின்ட கடைசி ரெண்டும் ரி1 (t1) எண்டு முடிஞ்சா உங்கட மெஷின் அவன்ட சேர்வரோட கதைக்கேலாத நேரம் பூட்டியிருக்கு, எல்லாருக்கும் பொதுவான சாவியால. எம்சிசொஃப்ட் எண்ட பாதுகாப்புக் கொம்பனி 2019இல விட்ட இலவச டிகிரிப்டரில (பூட்டைத் திறக்கிற புரோகிராம்) அந்தச் சாவி இருந்தா திறக்கும், இப்ப இல்லாட்டிலும் பிறகு வரலாம். ரி1 இல்லாட்டி, 2019 ஓகஸ்டுக்குப் பிறகு வந்த வகை எண்டா, திறக்கேலாது, "நான் திறந்து தாறன்" எண்டு காசு கேக்கிறவனை நம்பாதீங்கோ.

ஆனா இதைக் கவனமா வாசியுங்கோ: இந்தச் சாதி வேகத்துக்காக ஒவ்வொரு ஃபைலிலயும் முன்னுக்கு இருக்கிற ஏறத்தாழ 150 கேபியை மட்டும்தான் பூட்டும். கலியாண வீடியோ ஒண்டு ஜிபிக் கணக்கில இருக்குமே, அதில மிச்சம் முழுக்க அப்பிடியே கிடக்கு. அதே கமெராவால எடுத்த நல்ல வீடியோ ஒண்டை மாதிரிக்கு வச்சுத் திருத்துற டூல்கள் இருக்கு, கனக்க நேரம் தொடக்கத்தில கொஞ்சம் போக மிச்சம் வரும். பெரிய போட்டோவும் மேல்பக்கம் வெட்டுப்பட்டாலும் பாதி மீளலாம். அதைவிட முதல் வீடியோக்காரரிட்ட கோல் எடுங்கோ, அவரிட்ட கொப்பி இருக்கலாம். கமெரா கார்ட் உங்களிட்ட இருந்தா அதில ஒண்டும் புதுசா எடுக்காம ஃபோட்டோரெக் எண்ட இலவச புரோகிராமால தேடுங்கோ, அழிச்சதும் வரலாம். ஸ்டொப் டேஜாவு பாஸ்வேட் திருடுற சாமானையும் சேத்துக் கொண்டுவாறதால முதல் தம்பிக்குச் சொன்னதும் உங்களுக்குப் பொருந்தும்.

அந்த மெஷினிலயே இன்கொக்னிட்டோவில பாஸ்வேட் மாத்தினா சரிவருமோ?

வராது.

காசுள்ள ஆக்கள் கிராக் வேண்டாம் எண்டு சொல்லுவீங்கள். ஸ்டூடண்டுக்கு ஒரிஜினல் வாங்க ஏலுமோ? நான் வருசக்கணக்கா கிராக்தான், ஒண்டும் நடக்கேல்ல. கொட்டாஞ்சேனை.

நடக்கேல்ல எண்டு எப்பிடித் தெரியும் தம்பி? அள்ளிக்கொண்டு போறவன் உங்களிட்டச் சொல்லிப்போட்டோ போறான்? காசு இல்லை எண்டது எனக்கு விளங்குது, நான் ஒரிஜினல் வாங்கச் சொல்லேல்ல. விண்டோஸை மைக்ரோசொப்டின்ட தளத்தில சும்மாவே எடுக்கலாம், அக்டிவேட் பண்ணாட்டி மூலையில ஒரு எழுத்து நிக்கும், வோல்பேப்பர் மாத்த விடாது, மற்றபடி வேலை செய்யும், அப்டேட்டும் வரும்.

கடைக்காரரே ஃபோர்மட் பண்ணேக்க கிராக்கைப் போட்டுத்தானே தாறார்? அப்ப அவர் என்ன கள்ளனோ?

கள்ளன் எண்டு சொல்லேல்ல, ஆனா அது உங்களுக்குத் தேவையில்லாத வேலை. விண்டோஸ் 8 காலத்தில இருந்து விண்டோஸோட வித்த லெப்டொப்பில லைசன்ஸ் சாவி மதர்போர்டுக்குள்ளயே இருக்கு, சரியான எடிஷனை (ஹோம், புரோ எண்ட வகை) போட்டா நெட் வந்தவுடன தானா அக்டிவேட் ஆகும். ஹோம் வாங்கினவருக்கு கடையில புரோவைப் போட்டு, அது அக்டிவேட் ஆகேல்ல எண்டு அக்டிவேட்டர் (களவா அக்டிவேட் பண்ற புரோகிராம்) ஓடவிட்டு, அதுக்காக டிஃபென்டரையும் நிப்பாட்டி விடுறது. காசு குடுத்து வாங்கின லைசன்ஸ் உள்ள கிடக்க களவுச் சாமானோட வீட்ட வாறீங்கள், எனக்கு இதைப் பாக்க உண்மையாவே கோவம் வரும். பம்பலப்பிட்டியில குடுத்தாலும் சரி புறக்கோட்டையில குடுத்தாலும் சரி, "என்ட எடிஷனையே போடுங்கோ, அக்டிவேட்டர் வேண்டாம்" எண்டு வாய்திறந்து சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. நான் மொறட்டுவயில ஆர்க்கிடெக்சர், எனக்கு ஆட்டோகேட் இல்லாம ஏலாது.

தங்கச்சி, ஆட்டோடெஸ்க் மாணவருக்கு அதை இலவசமாத் தருது, படிக்கிற இடத்தை உறுதிப்படுத்தினா சரி. படிக்கிற ஆக்கள் முதல்ல கம்பஸ் மெயிலால என்னென்ன கிடைக்கும் எண்டு பாருங்கோ. டொகியூமென்டுக்கு லிப்ரே ஒஃபிஸ், வீடியோவுக்கு டாவின்சி ரிசோல்வின்ட இலவசப் பதிப்பு, படத்துக்கு கிம்ப். கொட்டாஞ்சேனைத் தம்பி இன்னும் நாலு மெசேஜ் போட்டிருக்கிறார், எல்லாத்துக்கும் இதுதான் பதில்.

பாமினி ஃபொன்டும் டைப் பண்ற சொப்ட்வெயாரும் தேடேக்க ஏதோ இன்ஸ்டோல் ஆகி, பிரவுசர் முழுக்க விளம்பரம்.

எக்ஸ்டென்ஷன்களையும் நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் அழியுங்கோ, கொன்ட்ரோல் பெனலில அண்டைக்கு வந்ததை எடுங்கோ, விளம்பரச் சாமானைத் துடைக்கிற அட்வ்கிளீனர் (AdwCleaner) ஒருக்கா ஓடவிடுங்கோ. ஃபொன்ட் எண்டது டிடிஎஃப் ஃபைல், ஈஎக்ஸ்ஈ எண்டு வந்தா தொடாதீங்கோ. டைப் பண்ண விண்டோஸுக்குள்ளயே தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்ட் 2019இல இருந்து இருக்கு.

"நான் ரோபோ இல்லை" எண்டு காட்ட விண்டோஸ் கீயையும் R கீயையும் அழுத்தி பேஸ்ட் பண்ணி என்டர் அடிக்கச் சொன்னது. அடிச்சிட்டன்.

ஒரு கெப்சாவும் அப்பிடிக் கேக்காது. நீங்களே உங்கட கையால அவன்ட கட்டளையை ஓடவிட்டிருக்கிறீங்கள். நெட்டைக் கழட்டுங்கோ, முதல் பதிலை அப்பிடியே செய்யுங்கோ. வேற மெஷினில இருந்து பாஸ்வேட், நாலாந்தரமும் சொல்லுறன்.

என்ட ஐஃபோன் சூடாகுது, வைரஸோ?

போன் என்ட துறை இல்லை. போன் திருத்திற ஆக்களிட்டக் கேளுங்கோ.

கார்டில காசு போயிட்டுது.

இதை வாசிச்சுக்கொண்டு இருக்காதீங்கோ, கார்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு எடுத்து இப்பவே லொக் பண்ணச் சொல்லுங்கோ. மெசேஜ், ஸ்க்ரீன்ஷொட் எல்லாம் வச்சுக்கொண்டு பொலிஸில முறைப்பாடு போடுங்கோ, 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இதுக்குத்தான் இருக்கு. கணினிப் பாதுகாப்பைப் பாக்கிற ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் (Sri Lanka CERT) அறிவியுங்கோ. முறைப்பாடு முடியுமட்டும் அந்த மெஷினை ஃபோர்மட் பண்ண வேண்டாம், நெட் இல்லாம ஓஃப் பண்ணி வையுங்கோ.

கொமினிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்திட்டு வந்தா பென்னில ஷோர்ட்கட் மட்டும்தான் இருக்கு, அசைன்மென்ட் எல்லாம் போச்சு.

போகேல்ல, ஒளிச்சிருக்கு. அந்த ஷோர்ட்கட்டை மட்டும் கிளிக் பண்ணாதீங்கோ, அதுதான் வைரஸை ஓடவிடும். ஃபோல்டர் ஒப்ஷன்ஸ்ல ஹிடன் ஃபைல்ஸைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை எண்டதில இருக்கிற சரி அடையாளத்தையும் எடுங்கோ. சில நேரம் பேரில்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள எல்லாம் கிடக்கும். டொகியூமென்ட்களைக் கொப்பி எடுத்துப்போட்டு பென்னை ஃபோர்மட் பண்ணுங்கோ, ஏற்கனவே கிளிக் பண்ணியிருந்தா மெஷினையும் ஒஃப்லைன் ஸ்கான் பண்ணுங்கோ. அடுத்தமுறை பிரிண்டுக்கு பிடிஎஃப்பை மெயிலில அனுப்புங்கோ, கடை மெஷினில உங்கட மெயிலைத் திறக்காம.