மணிக்கு ஏழு ரூபாய்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன், "வீட்டுல சும்மா இருக்கிறவங்களுக்கெல்லாம் காசு கொடுத்து அரசாங்கம் கெடுக்குது" என்றான். அம்மா அப்போது பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பாட்டி, அதாவது அம்மாவின் மாமியார், மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. இந்தப் பணம் இலவசமா, சம்பளமா? சம்பளம் என்றால் ஆயிரம் ரூபாய் அவமானம் இல்லையா? வீட்டு வேலைக்கு அரசே ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் என்ன?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் அண்ணனைத் திட்ட எனக்குப் பெரிய தகுதி இல்லை. என் அப்பா பக்கவாதத்தில் விழுந்து பதினான்கு மாதம் கிடந்தார். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தது நான். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தது, மலம் எடுத்தது, புண் வராமல் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டது எல்லாம் அம்மாவும் என் மனைவியும். பார்க்க வந்தவர்கள் என்னிடம்தான் "அப்பாவை நல்லா பாத்துக்கிறீங்க தம்பி" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் செய்கிறவர்களே குறைவு; அவர்களுக்கு 88 நிமிடம். 289 நிமிடத்தை ஒரு மாதத்துக்குப் பெருக்கினால் 144 மணி நேரம் தாண்டுகிறது. ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட முழுசாக வரவில்லை. பாட்டிக்குக் கஞ்சி ஊட்டுவது இதில் சேரவில்லை, அதற்குத் தனிக் கணக்கு. இன்னொரு வேடிக்கை: 2019 கணக்கெடுப்பில் இதே எண்கள் 299, 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள்!

ஆகவே அது சம்பளம் இல்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அதைச் சொல்லிவிடுகிறது. வேலைக்குக் கூலி என்றால் வருமான வரம்பு எதற்கு? ஆனால் இலவசம் என்றும் நான் சொல்லமாட்டேன். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 'உதவித் தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்தார்களே, அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். அதே வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது. அந்த உழைப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இன்னும் இல்லை என்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது. உங்கள் அம்மா குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அரசே சம்பளம் கொடுக்கலாமே என்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு பயம். நாளைக்கு ஐயாயிரமாக ஏற்றினால் உங்கள் அண்ணன் "அதான் சம்பளம் வாங்குறியேம்மா" என்பார். அடுப்பும் படுக்கைச் சட்டியும் அப்புறம் நிரந்தரமாக அம்மாவுடையவை ஆகிவிடும். அம்மாவிடம் பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் அதைவிடக் குறைவாக இருப்பது தூக்கம்.

வேலையின் ஒரு துண்டை வீட்டிலிருந்து வெளியே எடுக்கும் திட்டங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. 2022-இல் மதுரையில் தொடங்கி அடுத்த வருடம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்த காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் பசியை வைத்தே பேசுகிறோம். காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்பவரை வைத்து யாரும் பேசுவதில்லை. பால்வாடி இருக்கிறது, ஆனால் அது மூடுகிற நேரம் வேலைக்குப் போகும் தாய் திரும்புகிற நேரம் இல்லை. முதியவர்களுக்கு அந்த அளவுகூட இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்தபின் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன, நல்ல தொடக்கம். வந்தவர்கள் போன பிறகு மீதி நாள் முழுக்க மருமகள்தான். இப்படி வெளியே எடுத்த வேலையும் பெண்களிடமே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பால்வாடி ஊழியருக்கு மத்திய அரசு கொடுப்பதன் பெயர் 'மதிப்பூதியம்'. மதிப்பு இருக்கிறது, ஊதியம்தான் போதவில்லை.

ஆயிரத்தை அம்மா வாங்கிக்கொள்ளட்டும். அதை அவரே ஏடிஎம்மில் எடுக்கிறாரா, அண்ணன் எடுத்துத் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. பொங்கல் கழிந்ததும் அம்மாவை நான்கு நாள் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.