வெசல் கியர்பொக்ஸ் போய்விட்டது, லீசிங் தவணையை நிறுத்தலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். இரண்டரை மாதத்துக்கு முன் கல்முனைப் பக்கம் ஒரு கார் சேலில் 2014ஆம் ஆண்டு ஹொண்டா வெசல் ஹைபிரிட் எடுத்தார். அப்பாவின் ஓய்வூதியப் பணிக்கொடை முற்பணமாகப் போனது, மிச்சம் லீசிங். ஆறு கிழமை கழித்து, செங்கலடியால் பதுளைக்கு ஏறும்போது கியர்பொக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை விழுந்து வண்டி நின்றுவிட்டது. மட்டக்களப்பில் ஒரு கராஜ்காரர் கியர்பொக்ஸை இறக்கி கிளச்சை மாற்றிவிட்டு, ஐந்து இலட்சத்து எண்பதாயிரம் ரூபா பில் போட்டு, காசு வந்தால்தான் சாவி என்கிறார். விற்றவரோ "வெசல் எடுக்கிற ஆளுக்கு இது தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தாராம். ஓடாத வண்டிக்கு எதற்குக் காசு என்று வாசகர் இந்த மாதத் தவணையைக் கட்டவில்லை, அடுத்ததையும் கட்டுவதாக இல்லை. யார் மேல் வழக்குப் போடலாம் என்று கேட்கிறார்.

தம்பி, விற்றவர் சிரித்ததற்கு நட்டஈடு கிடையாது. முற்பணம் அப்பாவுடையது என்பதும் மனவேதனை, வழக்கு இல்லை. நீங்கள் அனுப்பிய சீ.ஆர். பிரதியில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். அப்சலூட் ஓனர், அதாவது முழு உரிமையாளர், என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்த வெசலை வாங்கியது கம்பனி. விற்றவர் இன்வொய்ஸ் போட்டதும் கம்பனிக்கு. நீங்கள் மாதம் மாதம் காசு கட்டி அதைப் பாவிக்கிற ஆள், அவ்வளவுதான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை கட்டுவேன், வண்டியின் தரத்துக்கு கம்பனி பொறுப்பில்லை என்று ஒரு பந்தி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். பொடி எழுத்தில் இருக்கும். அதன் கீழேதான் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே விற்றவரோடு உள்ள சண்டை வேறு, தவணை வேறு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் விழுகிற குழி இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான். "கேஸ் போட்டிருக்கிறேன், முடியும்வரைக்கும் கட்டமாட்டேன்" என்பார்கள். கம்பனிக்கு உங்கள் கேஸ் பற்றி ஒரு கவலையும் இல்லை. முதலில் தொலைபேசி, பிறகு கடிதம், பிறகு ஒப்பந்தத்தை முடிவுறுத்தும் அறிவித்தல் வரும், அதன்பின் வண்டியைத் தூக்க ஆட்கள் வருவார்கள். உங்கள் வண்டி இப்போது கராஜில் நிற்கிறது. அந்த நிலையில் ஏலம் போட்டால் என்ன விலை போகும் என்று நீங்களே சொல்லுங்கள். ஏலக்காசு கழிந்து மிச்சம் நிற்கிற தொகை, வட்டியோடும் செலவோடும், உங்கள் தலையில்தான். வண்டியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தீராது.

அப்புறம் நடுத்தீர்ப்பு, அதாவது கோட்டுக்கு வெளியே ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது. தகராறு வந்தால் நடுத்தீர்ப்பாளர் முன் போக வேண்டும் என்று லீசிங் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், அந்த விசாரணை பெரும்பாலும் கொழும்பில் நடக்கும். பதிவுத் தபாலில் அறிவித்தல் வரும். நம்முடைய ஆட்கள் அதை அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். "கோட்டில இருந்து வந்த கடிதமில்லையே சேர், கம்பனிக் கடிதம்தானே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நீங்கள் போகாவிட்டால் விசாரணை நிற்காது. ஒருதலையாகத் தீர்ப்பு எழுதி, 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்தில் பதிந்து, கட்டளை எடுத்துக்கொண்டு வருவார்கள். தீர்ப்பு கையில் கிடைத்து 60 நாளுக்குள் அதை நீக்கக் கேட்காவிட்டால் கதவு மூடிவிடும். அந்த நேரத்தில் வந்து "கியர்பொக்ஸ் பழுது சேர்" என்றால் நான் என்ன செய்ய? உங்களுக்குப் பிணை நின்றது மச்சானும் சித்தப்பாவும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிதம் அவர்களுக்கும் போகும். யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கிற கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரோடு அவர்கள் பெயரும் பழுதாகும். இந்த மாதத் தவணையை அபராதத்தோடு நாளைக்கே கட்டுங்கள். கட்ட முடியாவிட்டால் கம்பனிக்குப் போய் தவணையை மாற்றி எழுதித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

சரி, விற்றவர் விஷயம். "வெசல் என்றாலே இந்த வருத்தம்தான், ஹொண்டாவே ஜப்பானில் வண்டிகளைத் திருப்பி அழைத்தது" என்று அதை உங்கள் துருப்புச்சீட்டாக நினைக்கிறீர்கள். உண்மைதான். 2013 டிசம்பரில் வெளிவந்த வண்டியை 2014 பெப்ரவரியிலேயே, கியர்பொக்ஸ் மென்பொருளுக்காக, ஃபிட் ஹைபிரிட்டோடு சேர்த்துத் திருப்பி அழைத்தார்கள். இரட்டைக் கிளச் கொண்ட ஏழு கியர்ப் பெட்டி, ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகும். ஆனால் இது உங்களுக்கே எதிராகத் திரும்பும். ஊருக்கே தெரிந்த பழுதென்றால் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். கிளச் தேய்கிற சாமான், வண்டிக்குப் பத்து வருடத்துக்கு மேல், நீங்கள் பார்த்து ஓடித்தான் எடுத்தீர்கள் என்பார். ஆர்யூ3 என்று தொடங்கும் சேஸி இலக்கத்தைப் போட்டு, அந்தத் திருத்த வேலை இந்த வண்டிக்கு நடந்ததா என்று ஹொண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் பார்க்கலாம். பாருங்கள். ஆனால் அதை வைத்து மட்டும் வழக்கு நிற்காது.

உங்களுக்கு உதவுவது வேறொன்று. முற்பண ரசீதின் பின்பக்கத்தில் விற்றவர் "கியர், ஹைபிரிட் பற்றரி கிளீன், மூன்று மாதம் பொறுப்பு" என்று கைப்பட எழுதியிருக்கிறார். கடிதத்தில் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் முழுக் கடிதத்திலும் பெறுமதியான வரி அதுதான். அந்த ரசீதைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், மூலப்பிரதியை ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய விற்பனைத் திகதியிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு கிழமை மிச்சம். இன்வொய்ஸ் உங்கள் பெயரில் இல்லை என்று விற்றவர் அங்கேயும் சொல்வார். சொல்லட்டும், முற்பணம் வாங்கியதும் உத்தரவாதம் எழுதியதும் உங்களிடம்தானே.

கராஜ்காரர் வண்டியைப் பிடித்து வைத்திருப்பதில் பிழை காண வேண்டாம். செய்த வேலைக்குக் காசு வரும்வரை வாகனத்தை வைத்திருக்க அவருக்கு உரிமை உண்டு. ஸ்பெயார் சாவியோடு இரவில் போய் எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படிச் செய்தால் பொலிசில் முறைப்பாடு அவருடையதாகத்தான் இருக்கும். அவரோடு நல்லபடியாகப் பேசி, கழற்றிய பழைய கிளச்சையும், ஸ்கேன் போட்ட தாளையும், திகதியும் மைலேஜும் போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள். எரிந்த மணம் அடிக்கிற அந்தத் தட்டுத்தான் உங்கள் சாட்சி. பழைய இரும்புக்கு எடைபோட்டுப் போய்விட்டால், பழுது விற்கும்போதே இருந்ததா, நீங்கள் பதுளை ஏறித் தேய்த்ததா என்று சொல்ல ஆள் இல்லை.

வழக்கு? கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். வருடங்கள் போகும். அந்தக் காலம் முழுக்கத் தவணையும் கட்டி, சட்டத்தரணிக்கும் கட்டுவீர்கள். ஐந்தே முக்கால் இலட்சத்துக்கு அது கட்டாது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு, அதன் பிரதியோடும் ரசீதின் பிரதியோடும் விற்றவரிடம் போங்கள். சத்தம் போடுகிற மச்சானை வீட்டில் விடுங்கள், பள்ளிவாசல் நிருவாகத்திலோ வர்த்தக சங்கத்திலோ அவர் மதிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பில்லில் பாதியைத் தந்தால் எடுத்துக்கொண்டு எழுதி முடியுங்கள். இரண்டு இலட்சம் என்றாலும் யோசியுங்கள். ஆனால் காசை எண்ணி எடுத்த பிறகுதான் கையெழுத்து. பின்திகதியிட்ட காசோலைக்கு முறைப்பாட்டை வாபஸ் வாங்க வேண்டாம்.