கண்டங்கள் நகர்கின்றன என்பது உலகப்படத்தைப் பார்த்துச் செய்த ஊகம்தானா? நேரடி ஆதாரம் உண்டா?

உண்டு. கடைசியில் சொல்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை வந்தது ஓர் இலையைப் பார்த்து. அதிலிருந்து தொடங்குகிறேன்.

கல்லூரியில் நிலவியல் படித்தபோது, செய்முறை வகுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் களிப்பாறைத் துண்டை என் கையில் கொடுத்தார்கள். அதன்மேல் கரியால் வரைந்த மாதிரி நாக்கு வடிவத்தில் ஓர் இலை. நடுநரம்பு தெளிவாகத் தெரிந்தது. இருபுறமும் வலை பின்னியதுபோல நுண்நரம்புகள். ஒட்டியிருந்த சீட்டில் ‘குளோசாப்டெரிஸ், ராணிகஞ்ச்’ என்று எழுதியிருந்தது. முன்னது எப்போதோ அழிந்துபோன ஒரு தாவரத்தின் பெயர், பின்னது வங்காளத்து நிலக்கரி வயல். நான் பென்சிலை எடுத்தேன். ஆசிரியர் தடுத்தார். “வரையறது அப்புறம். இதே இலை ஆஸ்திரேலியாவுல இருக்கு, தென்னாப்பிரிக்காவுல இருக்கு, தென் அமெரிக்காவுல இருக்கு, அண்டார்டிகாவுலயும் இருக்கு. எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சிட்டு வரைப்பா.”

அண்டார்டிகாவில் அது கிடைத்த கதையை அன்று மாலையே நூலகத்தில் தேடிப் படித்தேன். 1912 ஜனவரியில் தென்துருவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிய ராபர்ட் ஸ்காட் குழுவினர் பசியிலும் குளிரிலும் வழியிலேயே இறந்தார்கள். நவம்பரில் உடல்களைக் கண்டெடுத்தபோது கூடவே சுமார் 16 கிலோ பாறைகளும் இருந்தன. நடக்கவே முடியாத நிலையிலும் அவற்றைக் கீழே போடாமல் இழுத்து வந்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் இருந்தது.

அதே 1912 ஜனவரியில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஆல்ஃபிரட் வெகனர் தன் கருத்தை முதன்முதலாக அறிஞர்கள் முன் வைத்தார்: கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன, பிறகு பிரிந்து நகர்ந்தன. 1915இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் வானிலை ஆய்வாளர்.

அன்றைய நிலவியலாளர்கள் இந்தப் புதைபடிவ ஒற்றுமைக்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். கண்டங்களுக்கு நடுவே நிலப்பாலங்கள் இருந்தன, அவை கடலில் மூழ்கிவிட்டன என்றார்கள். 1864இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர் பெயர் வைத்த ‘லெமூரியா’ அப்படிப்பட்ட ஒன்றுதான். நம் ஊரில் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசுவது பின்னால் வந்த வழக்கம். வெகனர் கேட்டது நியாயமான கேள்வி. கண்டப் பாறை கடல்தரைப் பாறையைவிட எடை குறைந்தது. தக்கை தண்ணீருக்குள் போய் உட்காராது. அப்படியிருக்க, ஒரு கண்டம் எப்படி மூழ்கும்?

ஆனால் இத்தனை பெரிய நிலத்தைத் தள்ளும் விசை எது என்று திருப்பிக் கேட்டபோது அவரிடம் சரியான பதில் இல்லை. பூமியின் சுழற்சியையும் நிலா, சூரியனின் ஈர்ப்பையும் சொன்னார். இரண்டும் போதவே போதாது என்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் கணக்கு சரி. வெகனரை முட்டாள்கள் சேர்ந்து ஒதுக்கினார்கள் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1930இல், ஐம்பது வயதில், கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்துபோனார்.

விடை கடலுக்கு அடியில் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப், கப்பல்கள் எடுத்துவந்த ஆழ அளவுகளைக் காகிதத்தில் குறித்து, அட்லாண்டிக் தரையை வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடுவதைக் கவனித்தார். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதை நம்பவில்லை. நிலநடுக்க மையங்களைக் குறித்துப் பார்த்தால் அவையும் அதே கோட்டில் விழுந்தன. அங்கே தரை விரிகிறது, புதுப் பாறை மேலே வருகிறது. 1963இல் பிரிட்டனின் நிலவியலாளர்கள் வைன், மேத்யூஸ் இருவரும் கடல்தரையின் காந்தப் பட்டைகளை இதோடு இணைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் திசை மாறியபோதெல்லாம் அந்தந்தக் காலத்தில் உறைந்த பாறை அதைப் பதிந்து வைத்திருக்கிறது. தொடரின் இருபுறமும் பட்டைகள் கண்ணாடி பிம்பம்போல ஒத்துப்போகின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்டங்கள் எரிமலைக் குழம்பில் மிதப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் பெரும்பாலும் திடப்பாறைதான். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல இளகி நகரும். கண்டம் தனியாகவும் போவதில்லை. கடல்தரையும் சேர்ந்த தட்டாகப் போகிறது. தட்டை இழுப்பதில் பெரும்பங்கு, குளிர்ந்து கனத்த பழைய கடல்தரை கீழே அமிழ்வதற்கு உண்டு. இந்தியத் தட்டு சுமத்ரா, அந்தமான் பக்கம் அப்படி அமிழ்கிறது. அங்கே நெடுங்காலம் இறுகிக் கிடந்த பாறை 2004 டிசம்பர் 26 அன்று 1,200 கி.மீ. நீளத்துக்கும் மேல் விடுபட்டது. நாகப்பட்டினத்தில் அந்த அலை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட நேரடி ஆதாரம். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ளதைப் போன்ற நிலையான ஜிபிஎஸ் கருவிகள் தங்கள் இருப்பிடத்தை மில்லிமீட்டர் அளவில் தொடர்ந்து பதிவு செய்கின்றன. அவை காட்டும் கணக்குப்படி நாம் வடகிழக்காக ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. போகிறோம். சுனாமி வந்த அந்தக் காலையிலிருந்து இன்றுவரை கூட்டினால் ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டது.